தண்ணீரில் கைவைக்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வாலுக்குட்டியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். எத்தனையோ கடிதத்தில் இந்த வரியைக் கை பாட்டுக்கு எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை எழுதிவிட்டுத் தலையைத் தூக்கி, அப்பா நாற்காலியில் இருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வரிக்கு வந்தேன். இருக்கிறார். கண்ணாடி மூக்கு நுனியில் நிற்க, பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பக்கம் புரட்டும் சத்தம் கேட்கிறது. அதனால் சுகம் என்று எழுதியது பொய் இல்லை.

போன வாரம் நீ போனில், வாலு மீன் வேண்டும் என்று ஒரே அடம், கண்ணாடித் தொட்டி வாங்கியாச்சு, இனித் தண்ணீர் ஊற்றவேண்டியதுதான் பாக்கி, அப்பாவைக் கூப்பிடு, எப்படி வைப்பது என்று கேட்கவேண்டும் என்றாய். என் கடிதம் வந்து சேரும்வரை தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். "ஏம்மா, மீனுக்குக்கூடவா பயப்படுவ?" என்று நீ சிரித்தது காதில் விழுந்தது. சிரித்துக்கொள். பல்லிக்குப் பயப்படுகிறவள், லிஃப்டுக்குப் பயப்படுகிறவள், வாசலில் பெல் அடித்தால்கூட நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவள் என்று இந்த வீட்டில் எனக்குப் பெயர் உண்டு, அது எனக்கும் தெரியும். ஆனால் இது அந்தப் பயம் இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், மீதிப் பாதியை நீ கற்பனை செய்துகொண்டு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அப்பா பத்திரமாக இருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

அப்பா அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீடு எப்படி ஆகிவிட்டது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். வாழ்க்கை முழுக்க அச்சு இயந்திரத்தின் இரைச்சலில் நின்ற மனிதர், திடீரென்று இந்த இரண்டு அறைக்குள் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வார். என் தையல் மிஷின் ஓடினால் நிம்மதியாகத் தூங்குவார், நான் நிறுத்தினால் விழித்துக்கொள்வார். ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. டாக்டர், எதையாவது வளருங்கள், செடியோ பிராணியோ, பார்த்துக்கொண்டு உட்கார ஒன்று வேண்டும் என்றார். ஒருநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு "மீன் கடைக்குப் போயிட்டு வரேன்" என்று கிளம்பினார். நானும் மிளகாயை ஊறவைத்து, சட்டியைக் கழுவி, கத்தியைத் தீட்டிவைத்துக் காத்திருந்தேன். மனிதர் ஆட்டோவில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டியோடு வந்து இறங்குகிறார். "மீன் எங்கேங்க?" என்றால், "மீனுக்கு இன்னும் நாளாகும், முதல்ல வீடு" என்கிறார். நான் கத்தியை எடுத்து உள்ளே வைத்தேன்.

அன்றைக்கே என் கேள்விகள் ஆரம்பித்தன. கண்ணாடி வெடித்தால் என்ன ஆகும், தரை தாங்குமா, மாடிவீடு ஆயிற்றே, கீழே பேக்கரிக்காரர் தலையில் போய் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று ஒன்று விடாமல் கேட்டேன். சிரிக்காதே, அதில் பாதி நியாயமான கேள்விதான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை, தொட்டி நிறைந்தால் இரண்டு ஆள் கனம் வரும், அதோடு கல்லும் மணலும் வேறு. அப்பா இரும்பு ஸ்டாண்டு ஒன்று செய்யச் சொல்லி, வெயில் விழாத உட்சுவரை ஒட்டி நிறுத்தி, தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் போட்டு, தண்ணீர் நிரப்பிய டம்ளரை நாலு மூலையிலும் வைத்து மட்டம் பார்த்தார். அதெல்லாம் அவர் கெட்டி. ஆனால் தொட்டியை முதலில் குளியலறையில் வைத்து நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்க்கவேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டார். நேராக ஸ்டாண்டில் ஏற்றி நிரப்பிவிட்டார். ஒரு மூலையில் பசை சரியாக ஒட்டவில்லை போலிருக்கிறது, சத்தமில்லாமல் கசிந்து தரை வழியாக இறங்கியிருக்கிறது. பேக்கரிக்காரர் மாவு படிந்த கையோடு படியேறி வந்து, "அண்ணே, மாவை நான் பிசைஞ்சுக்கிறேன், தண்ணியை நீங்க ஊத்த வேண்டாம்" என்றார். கோபப்படத் தெரியாத மனிதர். கடைக்காரர் தொட்டியை மாற்றிக் கொடுத்தார். நீ குளியலறையிலேயே நிரப்பி ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். தொட்டியைக் கழுவச் சோப்பு போடாதே, வெறும் தண்ணீர் போதும். கல்லையும் மணலையும் வாளியில் போட்டு அலசு, அரிசி களைகிற மாதிரி, கலங்கல் போகும்வரை.

அதற்குப் பிறகுதான் பொறுமை வேண்டும், வாலுவுக்கு அது இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன். குழாய்த் தண்ணீரில் கிருமிக்கு மருந்து கலந்திருப்பார்கள், அது மீனுக்கு ஆகாது. கடையில் அதை முறிக்கச் சொட்டு மருந்து தருவார்கள், அளவு பார்த்து விடு. தண்ணீரை ஊற்றி, வடிகட்டியை ஓடவிட்டு, மீன் இல்லாமலே சில வாரம் விடவேண்டும். தண்ணீர் பக்குவப்படவேண்டும் என்று அப்பா சொல்வார். கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் அந்த வடிகட்டிப் பஞ்சில் குடியேறினால்தான் மீனின் கழிவை அவை தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்குமாம். அப்பாவுக்கு இதைக் கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார். இவர் கேட்டுக்கொண்டு வந்தார், ஆனால் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. ஒரே வாரத்தில் போய்க் கப்பி, மோலி என்று சின்னச் சின்ன மீனாக ஒரு பை நிறைய வாங்கிவந்து கொட்டிவிட்டார். ஒன்றொன்றாக மிதக்க ஆரம்பித்தன. காலையில் எழுந்து முதல் வேலையாகத் தொட்டிக்கு முன்னால் போய் நிற்பார், அப்புறம் சின்ன வலையைத் தேடுவார். எனக்கு மீன் செத்ததைவிட அவர் முகம்தான் பயமாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, காத்திருந்து, இரண்டு மூன்று மீன் மட்டும் விட்டு, அவை பிழைத்த பிறகு இன்னும் சிலதைச் சேர்த்தார். அவையும் பிழைத்துக்கொண்டன. அதற்குப் பிறகு அவர் ஆளே மாறிப்போனார். கறுப்பு மோலி ஒன்று கொழுத்துத் திரியும், அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார், அச்சகத்து மேனேஜர் இப்படித்தான் எல்லா மேஜைக்கும் போய் மூக்கை நுழைப்பாராம். ரத்த அழுத்தம் இறங்கியது. நானும் பயத்தைக் கொஞ்சம் மூட்டை கட்டி வைத்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

குளிர்காலம் வந்தது. மீனுக்குக் குளிர் ஆகாது என்று கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு ஹீட்டர் வாங்கித் தண்ணீருக்குள் நிறுத்தினார். அதன் வயர், வடிகட்டியின் வயர், விளக்கின் வயர் எல்லாம் ஒரு எக்ஸ்டென்ஷன் பலகையில் சொருகி, அந்தப் பலகை ஸ்டாண்டுக்கு அடியில் தரையிலேயே கிடந்தது. கண்ணை உறுத்தத்தான் செய்தது. கேட்டதற்கு, "ஊர்ல எல்லாரும் இப்படித்தான் வச்சிருக்காங்க" என்றார்.

அன்றைக்கு நல்ல வெளிச்சமான காலை. நான் ஜன்னலோரம் தையல் மிஷினில் பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன், முதுகு தொட்டிப் பக்கம். அப்பா தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார், வாரா வாரம் செய்கிற வேலை. வாளி வைக்கும் சத்தம் கேட்டது, தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. செடி ஒன்று பிடுங்கிக்கொண்டு மேலே மிதக்கிறது, அதை நட்டுவிட்டு வருகிறேன், டீ போடு என்றார். இந்தக் காலரை முடித்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து "ம்ம்ம்ம்" என்று ஒரு சத்தம். ஏதோ பாட்டு முணுமுணுக்கிறார் என்று நினைத்தேன். திரும்பாமலே, "என்ன, காலங்காத்தால பாட்டெல்லாம் பலமா இருக்கு?" என்று கேட்டேன். அதே சத்தம், ஏறாமல் இறங்காமல், வாயை மூடிக்கொண்டு யாரோ கூப்பிடுகிற மாதிரி. அப்புறம் தொட்டியின் மூடி கடகடவென்று ஆட ஆரம்பித்தது. அப்போதுதான் திரும்பினேன்.

பாப்பா, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வலது கை முழங்கைவரை தண்ணீருக்குள் இருந்தது. இடது கை ஸ்டாண்டின் இரும்புக் குழாயை இறுக்கிப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லமுடியாது, அந்தக் குழாய்தான் அவரைப் பிடித்துவைத்திருந்தது. கால் ஈரத்தரையில் இருந்தது. உடம்பு முழுக்க விறைத்து நடுங்குகிறது, பல் கிட்டித்துவிட்டது, வாயைத் திறந்து என் பெயரைச் சொல்ல முடியவில்லை. கண் மட்டும் என்னையே பார்க்கிறது. மீன்களோ அவர் விரல்களைச் சுற்றி நிதானமாக நீந்திக்கொண்டிருந்தன, ஒன்றுமே நடக்காத மாதிரி. அந்த மேனேஜர் வந்து அவர் மணிக்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. எனக்கு இன்றைக்கும் கண்ணை மூடினால் வருவது அதுதான். தண்ணீர் எப்போதும் போலத் தெளிந்திருந்தது.

நான் எழுந்து ஓடினேன், அவர் தோளைப் பிடித்து இழுக்கக் கை நீட்டிவிட்டேன். ஒரு சாண் தூரத்தில் கை நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஆயத்த ஆடைக் கம்பெனியில் இஸ்திரிப் பெட்டியில் கரண்ட் அடித்து ஒரு பெண் மாட்டிக்கொண்டதும், அவளை இழுக்கப்போன சூப்பர்வைசரும் அவளோடு சேர்ந்து மாட்டிக்கொண்டதும், எலக்ட்ரீஷியன் "தொடாதே, தொடாதே, மெயினை அணை" என்று தொண்டை கிழியக் கத்தியதும் அந்த ஒரு நொடியில் நினைவுக்கு வந்தது. சுவரில் இருந்த சுவிட்சுக்கு அவரைத் தாண்டித்தான் போகமுடியும். மெயின் பெட்டி வாசல் கதவுக்கு மேலே, என் கைக்கு எட்டாது. ஸ்டூல் சமையலறையில் இருந்தது. துணி வெட்டும் மேஜையிலிருந்து மரஸ்கேலை எடுத்துக்கொண்டு ஓடி, மெயின் சுவிட்சின் பிடியைத் தட்டினேன். முதல் தட்டு சுவரில் பட்டது. முதுகுக்குப் பின்னால் அந்த "ம்ம்ம்" சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. மறுபடி ஸ்கேலை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கித் தட்டினேன், பிடி இறங்கியது. மின்விசிறி நின்றது, மிஷின் விளக்கு அணைந்தது, பின்னால் அவர் தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

கரண்ட் போய்விட்டது என்று எனக்குத் தெரியும், என் கையால்தான் அணைத்தேன். ஆனாலும் பாப்பா, அவரைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, "என்னங்க, என்னங்க" என்று கூப்பிடத்தான் முடிந்தது. கண் பாதி திறந்திருந்தது, என்னை அடையாளம் தெரியவில்லை. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க அவர் மூக்கருகே கை கொண்டுபோனேன், விரலில் பட்ட காற்று அவருடையதா என்னுடையதா என்று புரியவில்லை. கீழேயிருந்து பேக்கரிக்காரர், "என்னக்கா சத்தம், தொட்டி உடைஞ்சிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே படியேறி வந்தார். அப்பாவைப் பார்த்ததும் ஓடிவந்து மண்டிபோட்டார். நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார், "இருக்கு அக்கா, துடிக்குது" என்றார். அப்போதுதான் நான் அப்பாவின் கையைப் பிடித்தேன். ஈரமாக, ஐஸ் மாதிரி இருந்தது. அவரைத் தோளில் போட்டுக்கொண்டு பேக்கரிக்காரர் படியிறங்கினார், நான் செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன். ரொட்டி கொண்டுபோகிற வேனில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அப்பாவின் சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கைத்தடம். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "பேக்கரியில வேலை செய்யிறவரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேனா, இல்லை என்றேனா, நினைவில்லை. நெஞ்சில் வயர் வயராக ஒட்டினார்கள். அந்த வயரைப் பார்த்ததும் எனக்கு மறுபடி தூக்கிவாரிப் போட்டது, வேண்டாம், எடுங்கள் என்று கத்தியிருக்கிறேன். டாக்டர் சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், என்னை வெளியே அழைத்துவந்து உட்காரவைத்தாள். இதயத் துடிப்பு தாளம் தப்பியிருக்கிறது, தானாகச் சரியாகலாம், இல்லாமலும் போகலாம், ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்கவேண்டும் என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அவரைப் பிடிச்சு இழுத்திருந்தா ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் கொண்டுவந்திருப்பாங்கம்மா" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். உனக்குப் போன் செய்யவேண்டும் என்று எண்ணை அழுத்துவேன், பாப்பா எடுத்தால் என்ன சொல்வது, அப்பா இருக்கிறார் என்றா, இல்லை என்றா, உள்ளே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நிறுத்துவேன். இப்படியே எத்தனை தடவை என்று தெரியவில்லை.

மறுநாள் துடிப்பு சரியாகிவிட்டது. முழுதாகக் கண் விழித்து என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா, "மீனுக்கு ஒண்ணும் ஆகலையே?" எனக்கு வந்த ஆத்திரத்தில் நர்ஸ் மட்டும் பக்கத்தில் இல்லை என்றால் இரண்டாவது தடவையாக ஷாக் கொடுத்திருப்பேன். அடுத்து, "பாப்பாகிட்ட சொல்லாத, அங்க தனியா உக்காந்து பயந்துக்கிட்டு இருப்பா" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். அதற்குப் பிறகு நீ போன் செய்த ஒவ்வொரு தடவையும், அப்பா குளிக்கிறார், அப்பா கடைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னதெல்லாம், அவர் குரல் நடுங்குவது உனக்குத் தெரியக்கூடாது என்றுதான். கோபித்துக்கொள்ளாதே. இப்போது நீ தொட்டி வாங்கிவிட்டாய் என்று சொன்னதும் அவரே வந்து, "எழுதிடு, ஒண்ணு விடாம எழுதிடு, வாலு கையை விடுவா" என்றார்.

எலக்ட்ரீஷியனை வரவழைத்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். அவர் ஹீட்டரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார், தலைமுடி மாதிரி ஒரு கீறல். தண்ணீரை எடுக்கும்போது ஹீட்டரை அணைக்காமல் விட்டதால் கண்ணாடி வெளியே தெரிந்து காய்ந்து சூடேறிவிட்டது, அதன்மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் விரிசல் விட்டது, விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்த் தொட்டி முழுக்கக் கரண்ட் பரவிவிட்டது என்றார். அப்படியென்றால் மீன் ஏன் சாகவில்லை என்று கேட்டேன். "கம்பி மேல குருவி உக்காருது இல்லம்மா, அது மாதிரிதான். மீன் தரையைத் தொடல, சார் தொட்டுக்கிட்டு நின்னாரு" என்றார். ஆக, மீன் நீந்துகிறது, தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று எதையும் நம்பமுடியாது. பார்த்தால் தெரியாது பாப்பா, அதுதான் இதில் உள்ள பயங்கரம். பாம்பென்றால் தெரியும், நெருப்பென்றால் தெரியும்.

அதனால் அம்மா சொல்வதைக் கேள். தொட்டிக்குள் யார் கைவிட்டாலும், ஒரு நொடி வேலையாக இருந்தாலும், எல்லா வயரையும் பிடுங்கிவிட்டுத்தான். சுவிட்சை அணைப்பது போதாது, பிடுங்கவேண்டும். தண்ணீர் மாற்றப்போகிறாய் என்றால் ஹீட்டரை முதலிலேயே பிடுங்கி ஆறவிடு, தண்ணீர் பழையபடி நிரம்பிய பிறகுதான் சொருகு. சொருகுகிற பலகை தரையில் கிடக்கக்கூடாது, தொட்டிக்கு நேர் கீழேயும் கூடாது, பக்கவாட்டில் சுவரில் உயரமாக இருக்கட்டும். வயர் நேராகப் பிளக்குக்குப் போகாமல் முதலில் தாழ்ந்து தொங்கிவிட்டு அப்புறம் மேலே ஏறிப் போகவேண்டும், அப்போதுதான் வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. செருப்பு போட்டுக்கொள், தரையைத் துடைத்துவிட்டு நில். எல்லாவற்றுக்கும் மேலே, கரண்ட் கொஞ்சம் கசிந்தாலும் கண் இமைக்கும் முன் தானே அணைந்துவிடுகிற சுவிட்ச் ஒன்று இருக்கிறதாம், அது உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று மாப்பிள்ளையை விட்டு ஒரு எலக்ட்ரீஷியனிடம் கேட்கச் சொல். இல்லையென்றால் அதை மாட்டிய பிறகுதான் தொட்டி. எங்கள் வீட்டில் இப்போது மாட்டியாயிற்று. அதற்குச் சோதித்துப் பார்க்க ஒரு பொத்தான் உண்டு, அமுக்கினால் டப்பென்று அணையும். எலக்ட்ரீஷியன் மாதம் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தால் போதும் என்றார், நான் தினம் அமுக்குகிறேன். அப்பா நின்றுபோன மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, "இன்னிக்கும் என்னைக் காப்பாத்திட்ட" என்கிறார்.

வாலு தனியாகத் தொட்டியைத் தொடக்கூடாது. மூடி போட்டுவை. தீனி போடுவது அவள் வேலையாக இருக்கட்டும், அது ஆபத்தில்லை, ஆனால் ஒரு சிட்டிகைதான். போட்டதும் தின்று முடிக்கிற அளவுக்கு மேல் போட்டால் மிச்சம் அழுகித் தண்ணீர் கெடும். பார்க்கப் பாவமாக வாயைத் திறந்து திறந்து காட்டும், நம்பாதே. கடையிலிருந்து கொண்டுவரும் பையை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு பழகிய பிறகு மீனை விடு. வடிகட்டிப் பஞ்சு அழுக்காக இருக்கிறதே என்று குழாயடியில் தேய்த்துக் கழுவிவிடாதே, அந்த நல்ல கிருமியெல்லாம் போய்விடும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்துவிடு. நீ சின்ன வயதில் உன் சாக்ஸைத் துவைப்பாயே, அந்தச் சோம்பேறித் துவைப்பு போதும்.

தொட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் நான் முடிவு செய்திருந்தேன். பேக்கரிக்காரரிடம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியும்விட்டேன். அப்பா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் தொட்டிப் பக்கமே போகவில்லை. நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். விரல் நுனி மரத்தே இருக்கிறது, சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். தூக்கத்தில் கை உதறுகிறது. யாராவது குழாயைத் திறந்தால் நிமிர்ந்து பார்க்கிறார். பயந்தாங்கொள்ளி என்று என்னைச் சொன்ன மனிதர் குளிக்கக்கூட வாளித் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் குவளையை எடுக்கிறார், பாப்பா. இரண்டு பேரும் பயந்தால் இந்த வீட்டில் யார்தான் பயப்படாமல் இருப்பது. தொட்டியில் பாசி படிந்து, கண்ணாடி பச்சையாகி, உள்ளே மீன் இருக்கிறதா என்றே தெரியாமல் போயிற்று.

இன்றைக்குக் காலையில் பேக்கரிக்காரர் தொட்டியை எடுத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா எழுந்தார். பலகையின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினார், வயரோடு இழுத்துக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினார். "இதைப் பிடிச்சுக்க, விட்டுடாத" என்றார். சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். மூடியைத் திறந்தார். கையைத் தண்ணீருக்கு மேலே கொண்டுபோனார், அங்கேயே நின்றுவிட்டது. எடுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார், மறுபடி எடுத்துக்கொண்டார். முகம் வேர்த்துவிட்டது. "முடியலம்மா" என்றார், என்னைப் பார்க்காமல். என்னை அவர் அம்மா என்று கூப்பிடுவது அபூர்வம். பிளக் என் கையில் இருக்கிறது, கரண்ட் வர வழியே இல்லை என்று என் மூளைக்குத் தெரியும், என் வயிற்றுக்குத் தெரியவில்லை. இடது கையில் பிளக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் போய், கண்ணை மூடிக்கொண்டு, வலது கையை நான் தண்ணீருக்குள் விட்டேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான். விரலில் ஏதோ உரசியது, கண்ணைத் திறந்தால் மேனேஜர். நான் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் கைக்குப் பக்கத்தில் அப்பாவின் கை மெல்ல இறங்கியது.

பேக்கரிக்காரர் வந்தபோது இரண்டு பேரும் பழைய துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். அவர் எங்களைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த பன்னை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். பயம் போய்விட்டது என்று நினைக்காதே, இதை எழுதும்போதும் அடிக்கடி தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், மனநிறைவோடு, நீண்ட நாள் நன்றாக வாழவேண்டும். வாலுவுக்கு என் முத்தங்கள், மாப்பிள்ளைக்கு எங்கள் இருவரின் ஆசிகள். அப்பாவிடம் போனில் பேசும்போது இதைப் பற்றிக் கேட்காதே, மீன் எப்படி இருக்கிறது என்று கேள், அவரே சொல்வார். அந்த சுவிட்சை மாட்டிவிட்டு எனக்குப் போன் செய். அதுவரை தொட்டி காய்ந்தே இருக்கட்டும்.

உங்களையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா